ஜன்னலோரத்து வாலிபன்: சபையில் இளையோரோடு பணிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் ஐத்திகு என்றொரு வாலிபன் வருகிறான். துரோவா பட்டணத்தில் ஒரு மேல்வீட்டில் கூட்டம். மறுநாள் பயணம் புறப்பட வேண்டிய பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டே போகிறார். அறையில் அநேக விளக்குகள் எரிகின்றன. ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூக்கம் மேலிட்டுச் சாய்ந்து, மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுந்துவிடுகிறான்.

பிரசங்க நேரத்தில் தூங்குகிறவர்களைக் கண்டிக்க இந்தப் பகுதியை எடுத்துப் பேசுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ வேறு இரண்டு விஷயங்கள்தான் கண்ணில் படுகின்றன. ஒன்று, பவுல் பேச்சை நிறுத்திவிட்டுத் தாமே கீழே இறங்கிப் போய் அவனை அணைத்துக்கொள்கிறார். கண்டித்து ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொன்று, அந்தப் பையன் நடுராத்திரிவரை அங்கேதான் இருந்திருக்கிறான். தூங்கியதைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

எல்லாச் சபைகளிலும் ஜன்னலோரம் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிப் பெஞ்சு, மாடிப்படி, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் என்று இடம் மாறலாம். உடம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே. வாலிபர் ஊழியம் என்று நாம் நடத்துவதில் பெரும்பகுதி மேடைக்கு அருகில் இருக்கிற ஏழெட்டுப் பேருக்காகவே நடக்கிறது. வாலிபர் பொறுப்பை இப்போதுதான் கையில் வாங்கியிருக்கும் ஒருவர், ஜன்னலோரத்தில் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து எங்கே தொடங்கி எப்படிப் போகலாம் என்பதை எழுதுகிறேன். பதினைந்து ஆண்டுகள் இந்த வேலையில் இருந்து நிறையத் தவறு செய்தவன் என்பதே எனக்குள்ள தகுதி.

முதல் படி: மூன்று மாதம் எதையும் தொடங்காதீர்கள்

பொறுப்பு கிடைத்த மறுவாரமே சிறப்புக் கூட்டம், குழுவுக்குப் புதுப் பெயர், புதுச் சட்டை என்று இறங்குவது வழக்கம். வேண்டாம். ஏற்கெனவே நடக்கும் கூடுகை நடக்கட்டும். நீங்கள் ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். சபைப் பதிவேட்டை எடுத்து, 13 வயது முதல் 30 வயது வரை உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரண்டு வருடமாக வாசற்படி மிதிக்காதவர்களுக்கும் பக்கம் உண்டு.

அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியவை மிகக் கொஞ்சம். பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், படிப்பு அல்லது வேலை, எந்த நாளில் ஓய்வு, ஆராதனையில் யார் பக்கத்தில் உட்காருகிறார், நீங்கள் கடைசியாக அவரோடு ஐந்து நிமிடம் பேசிய தேதி. இவ்வளவு போதும். நம்பிச் சொன்ன விஷயங்களை அதில் எழுதக் கூடாது. நோட்டு எங்காவது கிடந்தால் யார் வேண்டுமானாலும் புரட்டுவார்கள்.

கடைசியாகச் சொன்ன அந்தத் தேதிதான் நோட்டின் உயிர். முதல் மாதக் கடைசியில் புரட்டிப் பாருங்கள். பத்துப் பேருக்கு நான்கைந்து தேதிகள் இருக்கும். இருபது பக்கங்கள் வெறுமையாக இருக்கும். நான் முதன்முதலில் புரட்டியபோது, ஆறு வருடமாக வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த ஒரு தம்பியின் பக்கத்தில் பெயரைத் தவிர ஒன்றுமே இல்லை. என்ன படிக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஒலிப்பெட்டிக்கு வயர் இழுக்க மட்டும் அவனைக் கூப்பிட்டிருக்கிறேன்.

வயதுக் கணக்கையும் இந்த மூன்று மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஐக்கிய நாடுகள் சபை புள்ளிவிவரத் தேவைக்காக 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை இளையோர் என்று கொள்கிறது. நம் சபைகளில் கணக்கே வேறு: கல்யாணம் ஆகும்வரை வாலிபர், ஆன மறுநாள் பெரியவர். இதனால் 13 வயதுச் சிறுமியும் 28 வயதில் வேலைக்குப் போகிறவரும் ஒரே வட்டத்தில் உட்காருகிறார்கள்; இருவரில் ஒருவர் நிச்சயம் வாய் திறக்கமாட்டார். குறைந்தது 13–15, 16–18, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரியுங்கள். மொத்தமே ஒன்பது பேர்தான் என்றால் பாட்டும் ஜெபமும் சேர்ந்தே இருக்கட்டும், பேச்சுக்கு மட்டும் பிரியலாம். திருமணமானவுடன் துரத்திவிடாதீர்கள். சபையில் அவர்கள் தனியாகிப் போவது பெரும்பாலும் அப்போதுதான்.

இரண்டாம் படி: பாதுகாப்பு விதிகளை எழுதுங்கள்

இதை ஏதாவது நடந்த பிறகு செய்வதுதான் பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 18 வயதுக்கு உட்பட்டவரைக் குழந்தை என்றே சொல்கிறது. மீசை முளைத்துவிட்டது, கிட்டார் வாசிக்கிறான் என்பதால் 16 வயதுப் பையன் பெரியவனாகிவிடமாட்டான். உங்கள் குழுவில் பாதிப் பேர் சட்டத்தின் கண்ணில் குழந்தைகள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

எழுத வேண்டிய விதிகள் இவை. பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் இருக்கும் எந்தக் கூடுகையிலும் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். தனியாகப் பேச வேண்டிய நிலை வந்தால் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், கதவு திறந்திருக்க, பேச வேண்டும். காதில் விழாவிட்டால் போதும். ஒரு பிள்ளையை மட்டும் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. கைப்பேசியில் தனிச் செய்தி வேண்டாம். அனுப்பத்தான் வேண்டும் என்றால் இன்னொரு பொறுப்பாளரோ பெற்றோரோ பார்க்கும் குழுவில் அனுப்புங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் எதுவும் அனுப்பாதீர்கள். படம் எடுத்து வெளியிடுமுன் பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"ஐயா, நாமெல்லாம் ஒரே குடும்பம், இதெல்லாம் எதற்கு?" என்று மூப்பர் ஒருவர் கட்டாயம் கேட்பார். குடும்பம் என்பதால்தான் வேண்டும் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். தவறு செய்ய நினைக்கிறவன் தேடிப் போவது, யாரும் யாரையும் சந்தேகப்படாத இடத்தைத்தான். நல்லவர்களுக்கும் இந்த விதிகள் ஒரு வேலி. பொய்ப் பழியிலிருந்து காப்பதும் அவைதான்.

இன்னொன்று முக்கியமானது. ஒரு பிள்ளை "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், ஒன்று சொல்கிறேன்" என்று வந்தால் அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். "நீ சொல்வதை ஊரெல்லாம் சொல்லமாட்டேன். உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் உன்னைக் காப்பாற்றக்கூடியவரிடம் மட்டும் சொல்வேன். அதையும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான பதில். பிள்ளை சொன்னது துன்புறுத்தல் பற்றியதாக இருந்தால் அவசரப்பட்டு விசாரிக்காதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு "சமாதானம்" செய்து வைக்காதீர்கள். கேட்டதைப் பிள்ளையின் வார்த்தைகளிலேயே எழுதித் தேதி போட்டு வையுங்கள். பிறகு உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லும் அதிகாரியிடம் தெரிவியுங்கள். சபைக் கமிட்டிக்குள் பேசி முடிக்கும் விஷயம் இது அல்ல. மன்னிப்பைப் பற்றிய வசனங்களைப் பாதிக்கப்பட்ட பிள்ளையின் தலையில் சுமத்துவதைப்போல் கொடுமை வேறில்லை.

மூன்றாம் படி: போதகரோடு ஒரு பக்க ஒப்பந்தம்

ஒரே ஒரு பக்கம் போதும். வருடத்துக்கு எவ்வளவு பணம், அறைச் சாவி யாரிடம், எந்த முடிவை நீங்களே எடுக்கலாம், எதற்குக் கமிட்டியைக் கேட்க வேண்டும், உங்கள்மேல் குறை இருந்தால் வாலிபர் யாரிடம் போகலாம். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான சபைகளில் பதில் இருக்காது. அதை எழுத வையுங்கள். போதகர் மாறிப் போகும்போது இந்த ஒரு பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

நான்காம் படி: உடன் நிற்கிறவர்களைத் தேடுங்கள்

ஆறேழு பேருக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் நோட்டில் தேதிகள் விழாது.

நன்றாகப் பாடுகிறவரையும் நன்றாகப் பேசுகிறவரையும் முதலில் பிடித்துப் போடுவது எளிது. நான் தேடச் சொல்வது வேறு மாதிரி ஆட்களை: நேரத்துக்கு வருகிறவர், கேட்டதை வெளியே சொல்லாதவர், தோற்றுப்போன ஒருவனைப் பார்த்து முகம் சுளிக்காதவர். வயதும் கலந்திருக்கட்டும். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். மேடையில் ஒரு நாளும் பேசியதில்லை. யாருக்கு எந்தத் தேதியில் பரீட்சை என்பதைச் சரியாக நினைவில் வைத்திருந்து, அன்று காலை தொலைபேசியில் கூப்பிட்டு ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டு வைத்துவிடுவார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே சபையை விடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

புதிதாகச் சேர்கிறவருக்கு ஆறு மாதம் சோதனைக் காலம் வையுங்கள். முன்பு இருந்த சபையில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். சட்டப்படியான பின்னணிச் சரிபார்ப்பு உங்கள் நாட்டில் உண்டு என்றால் அதைப் போதகரின் மகனுக்கும் சேர்த்தே செய்யுங்கள்.

ஐந்தாம் படி: தொண்ணூறு நிமிடக் கூடுகை

ஒன்றரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் வந்து சேர, நலம் விசாரிக்க. பதினைந்து நிமிடம் பாட்டு. நாற்பது நிமிடம் வேதபாடம். பதினைந்து நிமிடம் ஜெபம். கடைசிப் பத்து நிமிடம் அறிவிப்பும் அடுத்த வாரப் பொறுப்பும். முடிந்த பிறகு அரைமணி நேரம் கதவைப் பூட்டாமல் நின்றிருங்கள். உண்மையான பேச்சு பெரும்பாலும் அந்த அரைமணியில், நாற்காலி மடிக்கும்போதுதான் வரும். அதற்குள் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள்.

வேதபாடத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, அதை இன்னொரு பிரசங்கமாக்கிவிடுவது. ஞாயிறு காலை ஒரு பிரசங்கம் கேட்டாயிற்று. மாலையில் அதற்கு ஒரு நகல் எதற்கு? லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்கிறார், அவர்களிடம் கேள்விகளும் கேட்கிறார். நம் கூடுகைகளில் கேட்பதற்குத்தான் இடம், கேள்விக்கு இல்லை.

செய்யும் முறை எளிது. ஒரு முழுச் சம்பவத்தையோ உவமையையோ எடுங்கள்; ஒற்றை வசனத்தை எடுக்காதீர்கள். இரண்டு பேர் இரண்டு முறை சத்தமாக வாசிக்கட்டும். பிறகு மூன்றே கேள்விகள். இங்கே என்ன நடக்கிறது? எந்த இடம் உன்னை உறுத்துகிறது? இதில் நீ யார்? "இதிலிருந்து என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். "கீழ்ப்படிய வேண்டும், ஜெபிக்க வேண்டும்" என்று ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த பதில் உடனே வந்துவிடும், யோசனை அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள். பன்னிரண்டாவது எண்ணுக்குள் நீங்களே பதில் சொல்லிவிடத் துடிப்பீர்கள். பொறுங்கள்.

ஒருமுறை லூக்கா 15-ஐ எடுத்திருந்தோம், கெட்ட குமாரனின் கதை. சொத்தை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டுத் திரும்பும் இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கிறான்; வீட்டிலேயே உழைத்த மூத்த மகன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். இளைய மகன் திரும்பி வருவதைப் பற்றி உருக்கமாகப் பேச நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மூன்றாம் கேள்வியைக் கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். பதினைந்து தாண்டியிருக்கும். கடைசி வரிசையில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அண்ணா, நான் இளைய மகன் இல்லை. நான் வீட்டை விட்டுப் போனதே இல்லை. ஓய்வுநாள் பள்ளிக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்திருக்கிறேன். எனக்காக யாரும் ஒரு விருந்தும் வைத்ததில்லை."

அறையில் யாரும் அசையவில்லை. பக்கத்தில் இருந்தவள், "நானும்தான்" என்றாள். நான் நான்கு பக்கத்தையும் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அன்று மீதி நேரம் முழுவதும் மூத்த மகனைப் பற்றியே பேசினோம். தகப்பன் அவனைத் தேடியும் வெளியே வருகிறான் என்பதை அந்தப் பெண்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். அவன் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்லவில்லை என்பதை இன்னொருவன் கவனித்தான். இத்தனை வருடமாக அந்தப் பகுதியைப் பேசியும் இது எனக்கு உறைத்ததில்லை. சபையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் ஊதாரி மகனைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆறாம் படி: கேள்விகளுக்குப் பயப்படாதீர்கள்

அறிவியல், பிற மதங்கள், துன்பம், பாலுறவு, பணம், சபைக்குள் நடக்கும் சண்டை. இவற்றைப் பற்றிக் கேள்வி வராவிட்டால் கேள்வி இல்லை என்று அர்த்தமில்லை. உங்களிடம் கேட்பதில்லை என்றுதான் அர்த்தம். பெயர் எழுதாமல் சீட்டுப் போட ஒரு பெட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை திறந்து வாசியுங்கள், எல்லாவற்றையும் வாசியுங்கள். சங்கடமான சீட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டால் அடுத்த மாதம் பெட்டி காலியாக இருக்கும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். படித்துவிட்டு அடுத்த வாரம் வந்து பதில் சொல்லுங்கள். அந்த "அடுத்த வாரம்" தவறினால் மறுமுறை உங்கள் பேச்சு செல்லாது. எல்லாச் சந்தேகத்துக்கும் பதில் வேண்டியதில்லை என்பதும் உண்மை. வேதமே எல்லாவற்றையும் நல்ல வார்த்தையோடு முடித்துவிடவில்லை. 88-ஆம் சங்கீதம் முறையீடாகவே தொடங்கி முறையீடாகவே முடிகிறது. துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் அந்தச் சங்கீதத்தை வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: உண்மையான பொறுப்பைக் கொடுங்கள்

"வாலிபர் சபையின் நாளைய தலைவர்கள்" என்பது மேடையில் சொல்வது. கீழே இறங்கினால் நாற்காலி போடுவது, பந்தல் கட்டுவது, விழா முடிந்ததும் துடைப்பது. உடலுழைப்பு தாழ்ந்தது என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலியை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா?

வரலாறு இங்கே நமக்குக் கொஞ்சம் வெட்கத்தைக் கொடுக்க வேண்டும். 1844-இல் லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கியபோது அதைத் தொடங்கிய ஜார்ஜ் வில்லியம்ஸுக்கு வயது 22. துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். தன்னைப் போன்ற கடைப் பையன்களுக்காக அவரும் தோழர்களுமாகச் சேர்ந்து தொடங்கியது அது. 1881-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் தம் சபை வாலிபருக்காகத் தொடங்கிய கிறிஸ்தவ எண்டெவர் சங்கம் உலகெங்கும் பரவியது. அதன் அடிப்படை ஓர் எளிய ஒப்பந்தம்: ஒவ்வொரு உறுப்பினரும் கூட்டத்தில் ஏதாவது ஒரு பங்கு எடுத்தே ஆக வேண்டும். வேலைகளைப் பிரித்து நடத்தியதும் வாலிபரின் குழுக்களே. சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போக அங்கே இடமில்லை.

ஒப்படைப்பதில் நான்கு கட்டம் உண்டு. நீங்கள் செய்ய, அவன் பார்க்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து செய்யுங்கள். பிறகு அவன் செய்ய, நீங்கள் பாருங்கள். கடைசியில் அவன் செய்யட்டும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள். பெரும்பாலோர் முதல் கட்டத்திலிருந்து நேராக நான்காவதுக்குத் தாண்டிவிட்டு, சொதப்பியதும் "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்பார்கள். இன்னும் சிலர் மூன்றாவதிலேயே நின்று மூச்சுமுட்ட வைப்பார்கள். நான் அந்த இரண்டாம் வகை.

பணத்தையும் கொடுங்கள். சிறு தொகையாக இருந்தாலும், இரண்டு கையெழுத்து, ரசீது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வாசிப்பு என்று முறையாகக் கொடுங்கள். இருபது வயதில் நேர்மையாகக் கணக்கு எழுதிப் பழகியவர் நாற்பது வயதில் சபைக் கமிட்டிக்கு வரும்போது அந்தச் சபைக்கு எவ்வளவு தலைவலி மிச்சம் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பாணியைத் திணிக்காதீர்கள். கோலியாத்தோடு போருக்குப் போன தாவீதுக்குச் சவுல் நல்லெண்ணத்தோடுதான் தன் கவசத்தை மாட்டிவிட்டான். பையனால் நடக்கவே முடியவில்லை. கழற்றி வைத்துவிட்டுப் போனான். நாம் இருபது வருடத்துக்கு முன்பு நடத்திய கூட்டத்தின் அச்சுதான் நம் கவசம்.

தவறுவார்கள். ஒப்புக்கொண்ட நாளில் வராமல் போவார்கள். அப்போது யோவான் மாற்குவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் பாதியில் விட்டுப் போனவன் என்று பவுல் அவனை அடுத்த பயணத்தில் சேர்க்க மறுத்தார், பர்னபா விடவில்லை. இருவரும் கடுமையாக வாதாடிப் பிரிந்தே போனார்கள், பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு போனார். பல வருடம் கழித்துத் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பயன்படுகிறவன் என்கிறார் அதே பவுல். உங்கள் குழுவில் ஒரு பர்னபாவாவது இருக்கட்டும். கண்டிப்பான ஆளும் தேவைதான், அவர் தானாகவே கிடைத்துவிடுவார்.

எட்டாம் படி: பெற்றோர்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டு என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள். பரீட்சைக் காலத்தில் கூடுகையைச் சுருக்குங்கள். அந்த ஒரு காரியத்திலேயே பாதிப் பெற்றோர் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். ஆனால் ஒற்றர் வேலை பார்க்காதீர்கள். "அவன் யாரோடு சுற்றுகிறான் என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி" என்று ஒரு தாய் கேட்டால், "அம்மா, அவனிடமே கேளுங்கள், பேச்சுத் தொடங்க நான் வேண்டுமானால் உதவுகிறேன்" என்று சொல்லுங்கள். ஆபத்து என்றால் விஷயம் வேறு, அதை மேலேயே சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் படி: மனம் உடைந்து வருகிறவர்

ஒரு நாள் ஒருவர் வருவார், சாக வேண்டும்போல் இருக்கிறது என்று சொல்வார், அல்லது சொல்லாமல் சொல்வார். பிடித்த பொருள்களை எடுத்துக் கொடுப்பது, எல்லோரிடமும் விடைபெறுவது போலப் பேசுவது, தூக்கம் கெடுவது, திடீரென விலகிப் போவது. சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறாயா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்ட பிறகு பல பேருக்கு மூச்சு விட முடிகிறது.

ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள நம்பகமானவரைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர உதவியை அழையுங்கள். "விசுவாசம் குறைவு", "பாவம் இருக்கிறது", "ஜெபித்தால் மாத்திரை வேண்டாம்" என்ற மூன்று வாக்கியங்களையும் உங்கள் குழுவில் யாரும் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டுவிடுங்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்ட நாளில் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினான். தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்கு நெடுநாள் கழித்து ஓரேப் மலையில்தான்.

நீங்கள் மருத்துவர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு உங்கள் வேலை, பழையபடி அவரை நாற்காலி மடிக்கக் கூப்பிடுவது. எல்லோரும் திடீரென்று மெல்லிய குரலில் பேசத் தொடங்கினால் அதைவிட வேதனை இல்லை.

பத்தாம் படி: முகாமும் பயணமும்

முகாம் நல்லது. வருடத்துக்கு ஒன்று போதும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், ஒவ்வாமையும் மருந்தும் எழுதிய தாள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித் தங்குமிடமும் தனிப் பொறுப்பாளர்களும், முதலுதவி தெரிந்த ஒருவர். நீர்நிலைக்கு அருகில் என்றால் இரட்டிப்புக் கவனம். கடைசி இரவில் விளக்கை அணைத்து, இசையை மெதுவாக ஓடவிட்டு, அழவைத்து முடிவெடுக்க வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். களைத்துப்போன பிள்ளையின் கண்ணீரை நான் பலமுறை மனந்திரும்புதல் என்று எண்ணி அறிக்கையில் எழுதியிருக்கிறேன். வீடு திரும்பி இரண்டு வாரத்தில் அந்த எண்ணிக்கை என்னவானது என்று எழுதவில்லை.

பதினோராம் படி: புறப்பட்டுப் போகிறவர்கள்

படிப்புக்காகவும் வேலைக்காகவும் பிள்ளைகள் வேறிடம் போவார்கள். போகுமுன் ஆராதனையில் முன்னால் அழைத்து ஜெபித்து அனுப்புங்கள். போகிற இடத்தில் ஒரு சபையில் ஒரு மனிதரின் பெயரும் எண்ணும் கையில் கொடுங்கள்; சபையின் விலாசம் மட்டும் கொடுத்தால் போகமாட்டார்கள், தெரிந்த முகம் ஒன்று வாசலில் நிற்க வேண்டும். போன முதல் ஆறு வாரத்துக்குள் இரண்டு முறை கூப்பிடுங்கள். முதல் தொலைபேசியில் "சபைக்குப் போனாயா?" என்று கேட்காதீர்கள். அறை எப்படி, சாப்பாடு எப்படி, பக்கத்துக் கட்டிலில் யார் என்று கேளுங்கள். நோட்டில் அவர்கள் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

கடைசிப் படி: நீங்கள் விலகும் தேதி

பொறுப்பேற்ற அன்றே இதை எழுதி வையுங்கள். ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் வருடத் தொடக்கத்தில், குழுவிலிருந்தே இரண்டு பேரை உங்கள் இடத்துக்குப் பழக்கத் தொடங்குங்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண் என்றால் நல்லது. வருட அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கமிட்டி கேட்கும், கொடுங்கள். கூடவே நோட்டில் எத்தனை பக்கங்களில் இந்த மாதத் தேதி இருக்கிறது என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள். முதலில் யாருக்கும் புரியாது. இரண்டாம் வருடம் மூப்பர் ஒருவர் தானாகக் கேட்பார்.

நான் ஐந்தாம் வருடம் விலகவில்லை. பதினைந்து வருடம் உட்கார்ந்திருந்தேன், எனக்குப் பிறகு யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டு. கடைசியில் நோட்டை வாங்கிக்கொண்டது, வயர் இழுக்க மட்டும் நான் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தத் தம்பிதான். இப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. கொடுப்பதற்கு முந்தின இரவு ஒருமுறை முழுதாகப் புரட்டினேன். நம்பிச் சொன்னதை எழுதக் கூடாது என்று இங்கே உங்களுக்குச் சொன்ன நானே நான்கு பக்கங்களில் எழுதி வைத்திருந்தேன். அந்த நான்கையும் கிழித்து எரித்துவிட்டு, பெயரையும் கடைசித் தேதியையும் மட்டும் புதுத் தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். "இந்தப் பக்கங்கள் மட்டும் ஏன் புதிதாக இருக்கின்றன, அண்ணா?" என்று கேட்டான். சொல்லவில்லை. அவனும் இரண்டாம் முறை கேட்கவில்லை.